பெயரில்லா இசைத்தட்டுகள்: ஒரு திறனாய்வு

இசையைத் திறனாய்வோர் பெரும்பாலும் பாட்டின் சொல்லையும் பொருளையும் முதலில் நோக்குவர். பின்னரே பண்ணையும் தாளத்தையும் எடுத்துக்கொள்வர். சொல்லே இல்லாத இசை, பாடுவோரின் முகமும் பெயரும் தோன்றாத இசை, நரம்பும் துளையும் இன்றிப் பொறிகளே எழுப்பும் இசை என்றால், எதனை அளவுகோலாகக் கொள்வது என்னும் மயக்கம் எழுவது இயல்பே. அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட், சிக்காகோ நகரங்களில் 1980களில் பிறந்து, ஜெர்மனியின் பெர்லின் நகரில் வேரூன்றிய டெக்னோ, ஹவுஸ் எனப்படும் மின்னணு நடன இசை அத்தகையது. இதனை இரைச்சல் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் உளர். ஒதுக்குதல் எளிது, ஆயின் அது திறனாய்வு ஆகாது.

இவ்விசையை அணுகுவோர் முதலில் வியப்பது ஒன்றுண்டு. முழுக்க முழுக்க மின்பொறிகளால் ஆகிய இசை, கணினி வழியே நொடிப்பொழுதில் உலகெங்கும் செல்லத்தக்க இசை, இன்றும் வினைல் என்னும் கரிய இசைத்தட்டிலேயே வெளிவரப் பெரிதும் விரும்புகிறது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்பனையாயின. குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 இலட்சமே. ஆயினும் அவ்விற்பனையின் பெரும்பகுதி புகழ்பெற்ற பாடகர்க்கும் பெருநிறுவனங்களுக்கும் உரியது. ஈண்டுப் பேசப்படுவன வேறு. ஒருவரோ இருவரோ தாமே சிறு நிறுவனம் அமைத்து, விளம்பரத்தையும் வானொலியையும் நாடாமல், சில நூறு படிகளே அச்சிட்டு, குறிப்பிட்ட சில கடைகளின் வழியே வெளியிடும் தட்டுகள் இவை. அண்டர்கிரவுண்டு எனும் அடைமொழி அதனால் வந்தது. பலவற்றிற்கு அச்சிட்ட உறைகூட இராது. நடுவே ஒட்டிய வெள்ளைத் தாளில் ரப்பர் முத்திரை ஒன்று குத்தியிருக்கும், அவ்வளவே.

இத்தட்டுகளின் இயல்பை அறிய அவற்றின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 12 அங்குல ஒற்றைப் பாடல் தட்டு முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1976இல். நியூயார்க் நடனக்கூடங்களின் தேவையே அதனை ஈன்றது. 7 அங்குலச் சிறு தட்டில் தடங்கள் நெருங்கியிருக்கும். பெரிய தட்டில் அவற்றை அகலவிட்டு வெட்டலாம். ஒலி வலிமையும் நீளமும் பெறும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.1200 என்னும் சுழல்பொறி 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், தட்டின் வேகத்தை நூற்றுக்கு எட்டு அளவு கூட்டவும் குறைக்கவும் ஒரு நெடுங்கோல் அமைந்தது. இதனால் விளைந்தது யாதெனின், டிஜே எனப்படும் இசையாளர் இரு பொறிகளில் இரு தட்டுகளை ஓடவிட்டு, ஒன்றின் தாளத்தை மற்றதன் தாளத்தோடு இணைத்து, இடைவெளி தெரியாமல் இரவு முழுதும் ஒரே இசையாக நெய்ய முடிந்தது.

திறனாய்வுக்குரிய திறவுகோல் இதுவே. டெக்னோ தட்டில் உள்ள ஆக்கம் முழுப்பாட்டு அன்று, பாதிப் பாட்டு. மறுபாதியை வேறொருவர், வேறொரு தட்டைக் கொண்டு, ஆடுவோர் முன்னிலையில் நிறைவுசெய்கிறார். இவ்வாக்கங்கள் பல, ஒன்றிரண்டு நிமிடம் வெறும் முழவொலியாகவே தொடங்கி அவ்வாறே முடிவதற்குக் காரணம் கற்பனை வறட்சி அன்று. முன் சென்ற தட்டோடும் பின் வரும் தட்டோடும் கைகோப்பதற்கு விட்ட இடம் அது. இல்லத்தில் தனித்து அமர்ந்து கேட்பவர்க்கு அலுப்பூட்டும் அப்பகுதியே கூடத்தில் உயிர்ப்பகுதி ஆகிறது. ஆகவே புதிய தட்டு ஒன்றை மதிப்பிடுவோர் கேட்க வேண்டிய முதல் வினா, இது பிறிதொன்றுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதாகும்.

ஊடகத்தின் எல்லையே வடிவத்தை வகுக்கும் என்பதற்கும் இத்தட்டுகள் நல்ல சான்று. நிமிடத்திற்கு 45 சுற்றில் ஓடும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில், வலிய ஒலியோடு வெட்டினால், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே அடங்கும். மிகத் தாழ்ந்த ஒலிகளை இடம் வலமெனப் பிரித்து வைத்தால் ஊசி துள்ளிவிடும். ஆதலின் அவற்றை நடுவிலேயே நிறுத்த வேண்டும். ஊசி நடுவை நோக்கிச் செல்லச் செல்ல உச்ச ஒலிகள் தெளிவு குன்றும். யாப்பறிந்த புலவன் அடியின் அளவை அறிந்து சொல்லை அமைப்பதுபோல், தட்டறிந்த கலைஞன் இவ்வெல்லைகளை அறிந்தே ஒலியை அடுக்குகிறான்.

ஜெஃப் மில்ஸ் 1994இல் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ என்னும் தட்டு இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு. வழக்கமான தட்டில் தடம் நத்தைச் சுருளாய் உள்நோக்கிச் செல்லும். மில்ஸ் தம் தட்டில், தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் மூடிய வட்டத் தடங்கள் பலவற்றை வெட்டுவித்தார். நிமிடத்திற்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மிகுதியாக ஓடும் தட்டு ஒரு முறை சுற்ற 1.8 நொடி ஆகும். அந்த 1.8 நொடியில் நான்கு தாளத்தட்டுகள் பொருந்தினால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 133 தட்டுகள் ஆகின்றன. டெக்னோவின் இயல்பான வேகமும் ஏறக்குறைய அதுவே. கணிதம் கற்பிப்போர் இதனை வகுப்பில் செய்துகாட்டலாம். ஊசியைத் தூக்கும்வரை அவ்வட்டம் ஓயாது. தொடக்கமும் முடிவும் அற்ற பாட்டு, கைவிரற்கடை அளவுகூட இல்லாத ஒரு தடத்தில் அடங்கிவிடுகிறது. இவரும் மைக் பேங்க்ஸ், ராபர்ட் ஹுட் ஆகியோரும் 1992இல் ‘எக்ஸ்-102’ என்னும் பெயரில் வெளியிட்ட தட்டு சனிக்கோளைப் பொருளாகக் கொண்டது. அதன் பகுதிகளுக்கு வளையங்களின் பெயர்களும் டைட்டன், ரியா முதலிய துணைக்கோள்களின் பெயர்களும் இடப்பட்டன. வளையம் வளையமாய் அமைந்த தட்டிற்கு இதனினும் பொருத்தமான பொருள் அமைதல் அரிது. இத்தகைய விந்தைகளை வெட்டித் தந்தவர் டெட்ராய்டில் பணியாற்றிய ரான் மர்ஃபி என்னும் தொழில்வல்லுநர்.

பேங்க்ஸும் மில்ஸும் 1980களின் இறுதியில் தொடங்கிய குழுவிற்கு ‘அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ்’ என்று பெயர். நிலத்தடி எதிர்ப்பு என்பது அதன் பொருள். கார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு, மக்கள் வெளியேறி, வீடுகள் பாழடைந்த நகரில், கறுப்பின இளைஞர் தம் இசையைத் தாமே ஆக்கி, தாமே அச்சிட்டு, தாமே விற்பதென முடிவு செய்தனர். மேடையில் முகமூடி அணிந்தனர். தட்டில் தம் படத்தை இடவில்லை. பெயர் தெரியாப் புலவரை அவர்தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என வழங்கும் மரபறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எனினும் அங்கே பெயரை மறைத்தது காலம். இங்கே மறைத்தவர் கலைஞரே. முகத்தை விற்று இசையை மறக்கும் வாணிகத்திற்கு அவர்கள் தந்த விடை அது.

அவ்விடை வெறும் பாவனை அன்று என்பதற்கு 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. இக்குழுவைச் சேர்ந்த ரொலாண்டோ ஆக்கிய ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ ஐரோப்பிய நடனக்கூடங்களில் பெரும் வரவேற்புப் பெற்றது. பெரிய இசை நிறுவனம் ஒன்றின் ஜெர்மானியக் கிளை, குழுவின் இசைவு பெறாமலேயே, அதனை ஒலிக்கு ஒலி ஒத்த போலியாக ஆக்கி வெளியிட முற்பட்டது. உலகெங்கும் இருந்த இரசிகர்கள் கண்டனம் எழுதிக் குவித்தனர், அந்நிறுவனம் பின்வாங்கியது. சில நூறு, சில ஆயிரம் படிகளை நம்பி வாழும் சிறு குழுவிற்கு அத்தட்டு வெறும் பண்டம் அன்று, உரிமைப் பட்டயம்.

டெட்ராய்டிலேயே தோன்றிய டிரெக்சியா என்னும் இணையர் இம்மறைவைக் காவியமாகவே வளர்த்தனர். ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்டு டானல்டு என்னும் அவ்விருவர் 1992 முதல் வெளியிட்ட தட்டுகளில் கடலடி உலகம் ஒன்று விரிந்தது. 1997இல் வந்த ‘த குவெஸ்ட்’ தொகுப்பின் உறைக்குறிப்பு அவ்வுலகின் தோற்றத்தை உரைக்கிறது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட கருவுற்ற ஆப்பிரிக்கப் பெண்களின் மக்கள், நீரிலேயே மூச்சுவிடக் கற்று வாழ்கின்றனர் என்பது அக்கற்பனை. ஒரு சொல்லும் பாடாமல், ஓர் இனத்தின் ஆறாப் புண்ணைப் பொறியின் துடிப்பால் உணர்த்த முடியுமா என ஐயுறுவோர், இவ்வுறைக்குறிப்பைப் படித்தபின் அத்தட்டுகளை மீண்டும் கேட்டல் வேண்டும். குமிழ்விடும் ஒலிகள் அப்போது வேறு பொருள் தரும். டிரெக்சியாவை விஞ்சிய கற்பனை இத்துறையில் இன்றளவும் எழவில்லை எனத் துணிந்து கூறலாம்.

ஸ்டின்சன் 2002இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு ‘த அதர் பீப்பிள் பிளேஸ்’ என்னும் புனைபெயரில் அவர் விட்டுச்சென்ற தட்டு, காதலையும் கதிரொளியையும் பேசும் மெல்லிசை. அதன் படிகள் அருகின; பழந்தட்டு விற்போர் கேட்ட விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2017இல் அது மறுபதிப்புக் கண்டது. டிரெக்சியாவின் தொடக்ககாலத் தட்டுகளையும் ராட்டர்டாமைச் சேர்ந்த குளோன் நிறுவனம் 2011 முதல் 2013 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. இன்று வரும் புதிய தட்டுகளில் இத்தகைய மறுபதிப்புகள் ஒரு பெரும் கூறு. ஏடு தேடிப் பதிப்பித்தோரின் பணிக்கு ஒப்பான பணி இது, பாராட்டத்தக்கதே. குறை ஒன்று உண்டு. தொகுத்தோர் வரிசையை மாற்றியமைத்ததால், ஒரு தட்டின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கி நின்ற பழைய உறவு சிதைந்தது. எட்டுத்தொகையை ஆசிரியர் நோக்கம் கருதாமல் கலைத்து அடுக்கினால் நேரும் இழப்பு எத்தகையதோ, அத்தகையது இது.

மறுபதிப்பால் புகழ் பெற்ற இந்தியத் தட்டு ஒன்றும் உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசர் கொண்டு இசைத்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் அது மீண்டும் வெளிவந்தபோது மேலைநாட்டார் திகைத்தனர். அவர் கையாண்ட டி.பி.303 என்னும் ரோலண்ட் பொறியே, 1987இல் சிக்காகோவில் ‘ஆசிட் டிராக்ஸ்’ வழியே ஒரு புதிய இசைவகைக்கு மூலமாயிற்று. சிங் அதற்கு ஐந்தாண்டு முந்தியவர். இதைக் கொண்டு அவ்விசையைக் கண்டுபிடித்தவர் அவரே எனச் சிலர் எழுதுவது மிகை. அவருக்கும் சிக்காகோவினர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. கருதத்தக்கது வேறு. அப்பொறி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வல்லது. அவ்வழுக்கலில் இராகத்தின் குழைவுக்கு ஓரளவேனும் இடம் உண்டு. நம்மவர் மோகனம் என அறிந்த பூபாளியை அத்தட்டில் கேட்போர்க்கு இது விளங்கும்.

பெர்லினுக்கு வருவோம். மார்க் எர்னஸ்டஸ் 1989இல் அங்கே தொடங்கிய ஹார்டுவாக்ஸ் என்னும் கடையும், பழைய அங்காடி ஒன்றின் நிலவறையில் 1991இல் திறந்த டிரெஸார் கூடமும் டெட்ராய்ட் தட்டுகளுக்குத் தாய்வீடாயின. எர்னஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 1993 முதல் பேசிக் சேனல் என்னும் பெயரில் வெளியிட்ட தட்டுகள், எதிரொலியில் தோய்ந்து, மூடுபனிக்கு அப்பாலிருந்து வருவன போல் ஒலிப்பன. தட்டின் நடுத்தாளிலுள்ள எழுத்தும் படிக்க இயலாதவாறு சிதைந்தே இருக்கும். பின்வந்தோர்க்கு இவை அருமையான பாடம், பெருங்கேடும் ஆயின. பேசிக் சேனலில் இரைச்சலும் கீறலும் இசையின் உள்ளுறுப்பு. இன்று ஆண்டுதோறும் வரும் தட்டுகள் பலவற்றில் அவை பூசிய புழுதி. கணினியில் தூய்மையாக ஆக்கி, பிறகு பழைய தட்டின் கீறலொலியை மேலே தூவி, அதனைப் புதிய தட்டில் வெட்டுவது என்ன கலை? போலி முத்திரையும் அவ்வாறே. மறைக்க ஏதுமில்லாதவர் அணியும் முகமூடி வெறும் வேடம். முந்நூறு படிகளோடு நிறுத்துவது அன்று வறுமையின் விளைவு. இன்று பலர்க்கு அது விலையை ஏற்றும் உத்தி. ஆடுவோர்க்கென வெட்டிய தட்டு, கண்ணாடிப் பேழையில் உறங்குவதற்கும் மறுவிற்பனைக்கும் போய்ச் சேர்கிறது.

ஆயினும் எல்லாம் வேடமென ஒதுக்குதல் தகாது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பேனிங் நகரில், மூலத்தட்டு வெட்டுவதற்குரிய அரக்குத்தட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்று எரிந்து அழிந்தது. உலகில் அத்தகைய தொழிற்சாலைகள் இரண்டே இருந்தன, மற்றது ஜப்பானில். அதன்பின் பெருநிறுவனங்களின் தேவையும் பெருகி, சிறு வெளியீட்டாளர் தம் தட்டிற்குப் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு இடரிலும் தட்டையே விரும்பி நின்றோர் பலர். பொறியாக்கத்தில் ஒரு கடைசி மனிதக் கை அவர்க்குத் தேவைப்பட்டது. மூலத்தட்டை வெட்டுவோரின் கை. ஒலியை எங்கே தாழ்த்துவது, தடத்தை எங்கே அகல விடுவது என்பதை இன்றும் ஒரு செவியே முடிவு செய்கிறது. ரான் மர்ஃபி வெட்டிய டெட்ராய்ட் தட்டுகள் பலவற்றில், இசை ஓய்ந்தபின் எஞ்சும் வழவழப்பான நடுவளையத்தில், ‘என்.எஸ்.சி.’ என்னும் அவர் கூடத்தின் குறி பொறிக்கப்பட்டிருக்கும். மர்ஃபி 2008இல் மறைந்தார். அவற்றின் புதிய மறுபதிப்புகளைப் பிறர் வெட்டுகின்றனர். அவ்வெழுத்துகளை அவற்றில் தேடிப் பயனில்லை.