கடின நீரும் கட்டிச் சோப்பும்

எண்ணெயும் காரமும் கலந்து கையால் வார்த்தெடுத்த இயற்கைக் கட்டிச் சோப்பே பாத்திரம் துலக்குவதற்கு உத்தமமானது என்ற பிரசாரம், நகரத்துக் கண்காட்சிகளிலும் இயற்கை அங்காடிகளிலும் தொடங்கி, இப்பொழுது சித்தூர் ஜில்லாவின் தென்மேற்கு மூலையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து புழங்கும் குடுபல்லி போன்ற ஊர்களின் வாசலுக்கும் வந்து நிற்கிறது. நம் பாட்டிமார் கையாண்ட முறை இதுவே என்றும், இதனைக் கைவிட்டதால்தான் நமக்குத் தீங்கு விளைந்தது என்றும் அதன் ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்கும்போது, நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் ஆட்சேபத்தை விரிவாகவே எடுத்துரைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அச்சோப்பின் நற்குணங்களை நான் மறுக்கவில்லை. அது காகிதத்தில் சுற்றி வருகிறது. பிளாஸ்டிக் புட்டி வேண்டியதில்லை. கழுவிய நீரைக் கொல்லையில் நிற்கும் வாழைக்கு அச்சமின்றிப் பாய்ச்சலாம். வீரியமான வாசனைத் திரவியங்களால் கை அரிப்பவர்களுக்கு அது ஆறுதல் தருகிறது. மகளிர் குழுக்கள் அதைச் செய்து நாலு காசு பார்க்கவும் வழியுண்டு. ஆயினும், இவையெல்லாம் சோப்பைத் தனியே எடுத்துவைத்துச் சொல்லப்படும் புகழ்ச்சிகள். பாத்திரத்தைத் துலக்குவதோ சோப்பும் நீரும் சேர்ந்து செய்யும் காரியம். எந்த நீரில் என்று கேளாமல் ஒரு சோப்பை நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்ப்புச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

குடுபல்லியின் நீர் கருங்கற்பாறையைத் துளைத்து, நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து மேலே வரும் போர்த் தண்ணீர். பாறையின் இடுக்குகளில் வருஷக்கணக்காகத் தங்கிச் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிற அந்நீரில் பருப்பு வேகத் தாமதமாகும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டிலும் துலக்குவதற்கு இதே தண்ணீர்தான். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே 300 என்று வைத்துக்கொண்டு ரசாயனக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் நீரிலுள்ள சுண்ணாம்பைத் தீர்ப்பதற்கே ஏறத்தாழ ஒன்றரை கிராம் சோப்பு செலவாகிறது. பத்து லிட்டர் வாளி ஒன்றுக்குப் பதினைந்து கிராம். நூறு கிராம் கட்டியொன்று ஆறேழு வாளியில், ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கையும் தொடாமலேயே, முழுதும் கரைந்துபோகும். ஏனெனில் சோப்பு சுண்ணாம்பைக் கண்டதும், எலுமிச்சைச் சாறு விழுந்த பால்போலத் திரிந்து, நீரில் கரையாத பிசுபிசுப்பான கசடாக மாறிவிடுகிறது.

கட்டிச் சோப்பை யாரும் வாளியில் கரைப்பதில்லை, தேங்காய் நாரில் தடவித்தானே தேய்க்கிறார்கள், ஆகையால் இக்கணக்கு பொருந்தாது என்று ஆதரவாளர்கள் மறுமொழி கூறலாம். அம்மறுமொழியே என் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. நாரில் கெட்டியாக இருக்கும் வரையில் சோப்பு நன்றாகவே வேலை செய்கிறது. பிசுக்கு பெயர்கிறது, நுரையும் வருகிறது. ஆனால் அலசுவதற்காக அப்பாத்திரத்தின்மேல் செம்பு செம்பாகப் போர்த் தண்ணீரை ஊற்றும் அந்தக் கணத்தில்தான் எஞ்சியிருக்கும் சோப்பெல்லாம் சுண்ணாம்போடு கூடி, பாத்திரத்தின் பரப்பிலேயே படிகிறது. எவர்சில்வர் தட்டு காய்ந்தபின் அதில் படரும் சாம்பல் நிற மங்கலும், விரலால் தடவினால் வழுவழுவென்று ஒட்டும் மெழுகும் இதனால் விளைந்தவையே. கழுவும் செயலின் கடைசிப் படியே அழுக்கை உண்டாக்குமானால், அம்முறையை அவ்வூருக்கு உகந்தது என்று எவ்வாறு சொல்வது?

பால் பாத்திரத்தின் கதை இன்னும் மோசமானது. கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் நிறைய உண்டு. பாலிலேயே லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நீரின் சுண்ணாம்பும் பாலின் சுண்ணாம்பும் சோப்பின் கொழுப்பும் சேர்ந்து சொம்பின் கழுத்திலும் தூக்கின் மடிப்பிலும் படியும் படலம் நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகிறது. அடுத்த வேளைப் பால் சீக்கிரம் புளித்துப் போவதற்கு இதைக்காட்டிலும் சௌகரியமான ஏற்பாடு வேறில்லை. களி கிண்டிய பானைக்கோ சோப்பே அநாவசியம். ஊறவைத்துச் சுரண்டினால் போதும்.

படலத்தைப் போக்க மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி அலச வேண்டும். மழை பொய்க்கும் ராயலசீமையில், மோட்டார் ஓடும் நேரத்தில் பிடித்துவைத்த குடங்களைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் ஒரு பெண்ணிடம் போய், இன்னும் இரண்டு செம்பு அதிகமாக ஊற்று என்று உபதேசிப்பது எனக்குச் சம்மதமில்லை. தேங்காய் எண்ணெய்ச் சோப்பின் மென்மையைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் எத்தனை பேர் முப்பது பேர் சாப்பிட்ட எச்சில் பாத்திரங்களைக் குளிர்ந்த நீரில் தாமே துலக்கியிருப்பார்கள்? அச்சிரமம் முழுதும் விழுவது பத்துப்பாத்திரம் தேய்க்கும் கையின்மேல். புகழ்ச்சியோ அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

பாட்டிமாரைச் சாட்சிக்கு அழைப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவர்கள் பாத்திரத்துக்குச் சோப்பைக் கண்டார்களா? இந்தியாவில் சோப்புத் தொழிற்சாலை என்று ஒன்று மீரட்டில் எழுந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். கோழிக்கோட்டில் அரசாங்கச் சோப்பு நிலையம் தோன்றியது 1914-இல். பக்கத்து மைசூர் சமஸ்தானத்தின் சந்தனச் சோப்பு அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. அவையும் உடம்புக்கும் துணிக்குமே முதலில் போய்ச் சேர்ந்தன. பாட்டிமார் எடுத்தது அடுப்புச் சாம்பல், செங்கற்பொடி, புளி, பூந்திக்கொட்டை. சாம்பலிலுள்ள காரம் நீரின் சுண்ணாம்பைத் தானே படியவைத்துவிடும். புளியின் அமிலம் படிந்ததைக் கரைக்கும். பூந்திக்கொட்டையின் நுரை சோப்பைப்போல் சுண்ணாம்பிடம் எளிதில் தோற்பதில்லை. அது மட்டுமா? அவர்கள் மொண்டது மழையைத் தேக்கிய ஏரியின் நீரும், கை எட்டும் ஆழத்துக் கிணற்று நீரும். பாறையின் அடிவயிற்றிலிருந்து உறிஞ்சிய நீரன்று. நீரும் மாறிவிட்டது, பொருளும் வேறு. அப்படியிருக்க, எதை வைத்து இதைப் பழைய வழக்கம் என்று நம் பெண்களிடம் விற்பது?

பரிகாரம் உண்டு என்கிறார்கள்: கடைசி அலசலில் எலுமிச்சையோ வினிகரோ விடலாம், அல்லது முதலிலேயே சலவைச் சோடாவைக் கரைத்து நீரை மென்மையாக்கிக்கொள்ளலாம். இரண்டும் பலிக்கும். ஆனால் ஒரு சோப்புக்குக் காவலாக இன்னொரு பண்டமும் இன்னொரு வேலையும் வேண்டுமென்றால், எளிமை என்று சொல்லி விற்றது என்னாயிற்று? முதல் உலக யுத்தத்தின்போது கொழுப்புப் பஞ்சத்தால் ஜெர்மானியர் கண்டுபிடித்த செயற்கைச் சலவைப் பொருளின் வழிவந்த கடைப் பாத்திரச் சோப்பை நான் நேசிக்கவில்லை. அதன் கழிவு நீர் வாழைக்கு நல்லதென்றும் சொல்லமாட்டேன். எனினும் அது போர்த் தண்ணீரில் இப்படித் திரிந்துபோவதில்லை. பெட்டிக்கடைக்காரர் அதை விற்பதும் வீட்டுக்காரி வாங்குவதும் அறியாமையால் அல்ல.

இயற்கைச் சோப்பு செய்கிறவர்கள் அதைக் குடுபல்லிக்குக் கொண்டுவரும் முன் ஒரு சோதனை செய்யட்டும். ஒரே அளவு சோப்புச் சீவலை மழைநீர் நிரம்பிய சீசாவிலும் அவ்வூர்ப் போர்த் தண்ணீர் நிரம்பிய சீசாவிலும் இட்டுக் குலுக்கி, முன்னதில் நுரை நிற்பதையும் பின்னதில் வெண்கசடு மிதப்பதையும் வாங்குகிற பெண்களுக்கு நேரிலேயே காட்டட்டும். மழைநீர் சேமித்த தொட்டி உள்ள வீட்டுக்கு இது ஏற்றது, போர்த் தண்ணீரை நம்பிய வீட்டுக்குப் பூந்திக்கொட்டையும் சாம்பலும் ஏற்றவை என்று உறையின்மேல் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிடட்டும். அவ்வளவு செய்தால் அவர்களுடைய சோப்பைப் பற்றிய என் ஆட்சேபத்தில் பெரும்பகுதி நீங்கும். செய்யாத வரையில், அதைப் பாட்டியின் பெயரால் அவ்வூரில் விற்பதை நான் எதிர்த்துக்கொண்டே இருப்பேன்.