வெயிலில் போகிற சிவப்பு

குறிஞ்சிப்பிட்டியில் நோன்பு திறக்கும் நேரம், கஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு தட்டுக் கடற்பாசி இருக்கும். கோணல் சதுரத் துண்டுகள், கரண்டி பட்டால் நடுங்கும். அதன் ரோஸ் நிறம் போத்தலிலிருந்து ஊற்றியது. பாசிக்கென்று சொந்தச் சிவப்பு ஒன்று இருந்தது. அடுப்படிக்கு வருமுன்னரே அது போய்விட்டது.

புத்தளம் களப்பில் அள்ளி, 'சிலோன் மொஸ்' என்று கப்பலேறிய கிரசிலேரியாவும் செம்பாசி இனம்தான். நன்னீரில் அலசி வெயிலில் போட்டு, மறுபடி அலசிப் போட, வைக்கோல் வெள்ளையாகும். தண்ணீரோடு கரைந்ததும் வெயில் தின்றதும் பெரும்பாலும் பைக்கோஎரித்திரின் என்ற புரதம். சமையலுக்கு வேண்டாத அந்தக் கழுநீர்ச் சரக்குத்தான் ஆய்வுகூடத்தில் பொன் விலைக்குப் போகிறது.

1982இல் ஓய், கிளேசர், ஸ்ட்ரையர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதைப் பிறபொருளெதிரியோடு பிணைத்துக் காட்டினார்கள். வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பு அடையாளங்களுக்கு சிடி என்று இலக்கமிட ஆய்வாளர்கள் பாரிஸில் கூடியதும் அதே வருடம். பிறபொருளெதிரி இடம் பார்த்து ஒட்டும். பாசிப் புரதம் விளக்குப் பிடிக்கும்.

அது ஏன் அப்படி ஒளிர்கிறது? கடலுக்கடியில் எட்டுகிற நீலப் பச்சை ஒளியைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிப் பச்சையத்திடம் சேர்ப்பது அதன் வேலை. பாசியிலிருந்து பிரித்தெடுத்த பிறகும் பிடிக்கிற பழக்கம் விடவில்லை, வாங்கத்தான் ஆளில்லை. 488 நனோமீற்றர் நீல லேசர் பட்டதும், வாங்கியதை மஞ்சட்செம்மை ஒளியாக வெளியே கொட்டிவிடுகிறது.

அந்த அடையாளங்களில் ஒன்று சிடி4. அதைத் தேடும், பாசிப் புரதம் பிணைத்த பிறபொருளெதிரிக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டை இரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களைக் கரைத்து, புளோ சைற்றோமீற்றரில் விட்டால், கலங்கள் ஒற்றை வரிசையாக லேசரைக் கடக்கும். கலம் ஒன்றுக்குத் திரையில் புள்ளி ஒன்று. உதவி டி கலங்கள் மேலே இறுக்கமாகத் திரளும். சிடி4 இல்லாதவை தரையில் கிடக்கும். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே மிதக்கும் மங்கல் மேகம்: மோனோசைற்றுகள். அவற்றிலும் சிடி4 உண்டு, கொஞ்சம்போல. மட்டமான சாயமென்றால் அந்தக் கொஞ்சம் தெரியவே தெரியாது.

குப்பி 4 பாகைக் குளிரில், இருட்டில் இருக்கும், உறையவும் விடக்கூடாது. சாயமேற்றிய குழாய்க்கும் அலுமினியத் தாள் சுற்றவேண்டும். ஜன்னலோரம் மறந்து வைத்தால் வெயில் களப்புக் கரையில் செய்ததையே இங்கேயும் செய்யும். முதலில் தரையோடு கலந்துபோவது அந்த மங்கல் மேகம்.