எந்தப் புறம்போக்கு?

அந்த வீடியோவை முதலில் பார்த்தது ஆபீஸ் கேன்டீனில். 2017 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து திரும்பியிருந்தோம். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த வாரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே போனுக்கு மேல் ஆறு தலை. டி.எம். கிருஷ்ணா கண்ணை மூடி, ராகத்தில் நிதானமாக 'பொறம்போக்கு' என்று இழுத்ததும் ஆறு பேரும் சிரித்தோம். அதிகம் சத்தம் போட்டுச் சிரித்தது நான்தான்.

'சென்னை புறம்போக்கு பாடல்' பற்றி நான் படித்தவை பெரும்பாலும் பாடகரின் துணிச்சலைப் பாராட்டின, இல்லையென்றால் திட்டின. எனக்கு அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். பாட்டு எங்கே ஜெயித்தது, எங்கே கொஞ்சம் தடுமாறியது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: எண்ணூர்க் கழிமுகத்தைத் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பலும் விழுங்குவதைச் சொல்லும் சிறிய இசைப்படம். பத்து நிமிடத்துக்கும் குறைவு. எழுதியது கபேர் வாசுகி, மெட்டமைத்தது ஆர்.கே. ஸ்ரீராம்குமார், இயக்கியது ரதீந்திரன் பிரசாத். பின்னால் இருந்தது நித்யானந்த் ஜெயராமன் முதலான சூழலியல் செயல்பாட்டாளர்கள். ஆடியோ கம்பெனி கிடையாது, செட் கிடையாது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமும் பின்னணியில் புகைபோக்கிகளும்தான் செட். ரதீந்திரன் 2015இல் சோஃபியா அஷ்ரஃபை வைத்துக் கொடைக்கானல் பாதரசக் கழிவு பற்றிய ராப் வீடியோவையும் எடுத்தவர். அது நிக்கி மினாஜின் மெட்டில் ஆங்கிலத்தில் போய், நிக்கி மினாஜே ட்வீட் செய்யும் அளவுக்கு ஓடியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது. அந்த வெற்றியை எண்ணிச் சொல்லிவிடலாம். புறம்போக்குப் பாட்டுக்கு அப்படி எண்ண எதுவும் இல்லை. அது ஒரு சொல்லோடு மல்லுக்கு நின்றது.

எப்படி நின்றது என்று பாருங்கள். வசவுக்கு வேகம் வேண்டும். பஸ்ஸில் காலை மிதித்தவனை 'பொறம்போக்கு' என்று திட்டினால் அரை விநாடியில் முடிந்துவிடும், அந்த வேகத்தில்தான் அதன் காரம். ராகம் அந்த வேகத்தைப் பிடுங்கிவிடுகிறது. ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா, ஹமீர்கல்யாணி என்று ராகமாலிகையாக நகரும்போது அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாக, மெதுவாக. மூன்றாவது தடவை யாரும் சிரிப்பதில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. சிந்துபைரவிக்கு வந்து சேரும்போது கேன்டீன் மேஜையில் ஒரு மாதிரி அமைதி. பிறகு ஒருத்தன் "செம்மல்ல?" என்றான். எல்லோரும் ஃபார்வர்டு செய்தோம். எங்கள் ஆபீஸ் ஓஎம்ஆரில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அதே கேன்டீனுக்கு வரும் ரோட்டில் போட் விட்டார்கள். அதை அன்றைக்கு யாரும் பேசவில்லை. எண்ணூர் வடக்கே எங்கோ இருக்கிறது, புறம்போக்கைத் தின்றவன் வேறு எவனோ. சொல்லின் காரம் போனது உண்மை. ஆனால் கூடவே ஒரு சௌகரியமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவரின் எதிர்வினை வேறு வகை. "பேகடாவை இப்படியா பயன்படுத்துவது?" என்றார். அவரைச் சுலபமாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் அவராவது அந்தச் சொல் அந்த இடத்தில் உறுத்துகிறது என்பதைக் கவனித்தார். "ஆஹா, சபாவை விட்டு வெளியே வந்துவிட்டார்" என்று கைதட்டியவர்களுக்கு அந்த உறுத்தலே இல்லை. அவர்கள் பாடகரைப் பார்த்தார்கள். கழிமுகம் அவருக்குப் பின்னால் மங்கலாக இருந்தது. (2015லேயே எஸ்.பி. ஜனநாதன் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று சினிமாத் தலைப்பிலேயே இந்தச் சொல்லின் அர்த்தத்தை மீட்கப் பார்த்தார். அது ஏனோ இந்தப் பேச்சில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.)

அந்த வருஷம் மே மாதம் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் தேவதானம், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற வழியில், சேத்தூர் தாண்டி மலையடிவாரம். நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர் கோயில் ஊர். சாயங்காலம் திண்ணையில் கரண்ட் இல்லாத நேரம், போனில் இதைப் போட்டேன். அப்பா, அம்மா, பெரியப்பா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே முதல் ஆச்சரியம். முழுசாகக் கேட்டுவிட்டு பெரியப்பா சொன்னார்:

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. இவரு எந்தப் புறம்போக்கச் சொல்லுதாரு?"

"புறம்போக்குன்னா... பொது நிலம், பெரியப்பா."

"அது தெரியும்லே. கண்மாய்ப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா, மேய்ச்சல் புறம்போக்கா, நத்தமா? மொட்டையாச் சொன்னா எப்படி?"

பெரியப்பா சர்வே பிரிவில் முப்பது வருஷம் செயின்மேன். ஊர் ஊராகச் சங்கிலி இழுத்தவர். அவர் காதில் அது வசவாகவும் விழவில்லை, கவிதையாகவும் விழவில்லை. அடங்கலில் ஒரு வகைப்பாடாக விழுந்தது. பாட்டு அந்தச் சொல்லை மீட்கப் படாத பாடு படுகிறது. இவரிடம் அது தொலையவே இல்லை. நான் இஞ்சினியரிங் படித்து மெட்ராஸ் போன வழியில் அதைத் தொலைத்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெயரே கணக்குப் புத்தகச் சொல்தான். கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம், பிராமணர்களுக்கு விட்டது பிரம்மதேயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த ஊர்களின் கணக்கு இருக்கிறது. வரி கட்டும் நிலத்தைச் சொல்வதற்கு முன் கழிக்கவேண்டியதை வரிசையாகக் கழிக்கிறார்கள்: ஊர் நத்தம், கோயில்கள், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. பிற்காலத்தில் புறம்போக்கு என்று பெயர் வாங்கிய இடங்களில் பலவும் இந்த வரிசையில் வந்துவிடுகின்றன.

இந்தப் பட்டியலில் குளமும் வாய்க்காலும் மட்டும் இல்லை, பறைச்சேரியும் இருக்கிறது. பாட்டு சொல்கிற கதை, பொது நிலத்தை மதிக்க மறந்தோம், அதனால் அதன் பெயர் வசவாகிவிட்டது என்பது. பாதி உண்மை. நிலத்தின் பெயர் மனுசனைத் திட்டும் சொல்லாக மாற, நடுவில் அந்த நிலத்தில் குடியிருந்த மனுசர்கள் வேண்டும். பட்டா இல்லாதவன், கணக்குக்கு வெளியே இருப்பவன் பொறம்போக்கு. 'பொறம்போக்கு' என்று திட்டுபவன் சதுப்பு நிலத்தைத் திட்டவில்லை.

வேலைக்கு வரும் அக்கா கடைசியில்தான் வாய் திறந்தார். அவர் வீடு ஓடைப் புறம்போக்கில். "புறம்போக்கக் காப்பாத்தணும்னு பாடுதாங்களா தம்பி? அப்ப எங்கள எடுக்கச் சொல்லுதாகளா?"

இல்லை என்று சொன்னேன். பெரிய கம்பெனிகளைப் பற்றித்தான் பாட்டு, உங்களைப் பற்றி இல்லை. சொல்லும்போதே எனக்குச் சுரத்து இறங்கிவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நடந்தது ஞாபகம் வந்தது. நீர்வழியை மீட்கிறோம் என்று அடையாறு, கூவம் கரைக் குடிசைகளைப் பிரித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாக்கமும் அதே சதுப்பு நிலத்தை ஒட்டியதுதான். ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. பாட்டின் நியாயம் எனக்குச் சந்தேகமில்லை. அது குறிவைத்த ஆட்கள் சரியான ஆட்கள். ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை ஜேசிபியோடு சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்கு அதைப் பாட்டு எப்படிப் போய்ச் சேரும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன். பேகடாவை இல்லை.

ஆனாலும் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது அந்தப் பாட்டுத்தான். கட்டுரை அனுப்பியிருந்தால் அக்கா படித்திருக்கப் போவதில்லை, பெரியப்பாவும் சங்கிலியை எடுத்திருக்க மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்த படங்கள் வந்தபோது மறுபடியும் பார்த்தேன். சாம்பல் மேட்டைப் பார்க்கையில் இந்தத் தடவை கிருஷ்ணாவின் குரலோடு பெரியப்பா குரலும் கேட்டது. எந்தப் புறம்போக்கு?

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குத் திண்ணையில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பெரியப்பா விடவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் முதுகில் பேனாவால் எங்கள் தோப்பை வரைந்தார். கல் நட்ட இடம், வரப்பு, கண்மாய்க் கரை. நடுவில் ஒரு கோடு இழுத்து, "இதுக்கு மேக்க உள்ளது கண்மாய்ப் புறம்போக்கு. உங்க தாத்தா காலத்துல உள்ள வந்தது. பதினோரு தென்னை" என்றார். அப்பா எழுந்து என் போனை வாங்கி ஆஃப் செய்து திண்ணையில் வைத்தார். "காலையில காய் வெட்ட ஆள் வாரான். வெரசாப் படு" என்றார்.

பதினோரு மரமும் இன்னும் நிற்கிறது. கவரை மடித்து என் லேப்டாப் பையில் வைத்திருக்கிறேன்.