தேசிய மனோபாவம் என்னும் கருத்துநிலை: குரோசிய இலக்கியமும் சமூகமும் பற்றிய சில குறிப்புகள்

1

தென்சிலாவிய மக்களின் வாய்மொழிப் பாடல் மரபைத் தமிழாய்வாளர் பலர் அறிந்துகொண்டது பேராசிரியர் க. கைலாசபதி 1968 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலின் வழியாகவே எனலாம். மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் 1930 களில் யூகோசிலாவியாவில் வீரப்பாடகர்களிடம் திரட்டிய சான்றுகளின் அடியாக எழுந்த வாய்மொழிக் கோட்பாட்டைச் சான்றோர் செய்யுட்களை விளக்குதற்கு அவர் பயன்படுத்தினார். அவ்வாய்வில் வீரப்பாடல் ஓர் இனத்தின் பிறவிக்குணத்தை எடுத்துக்காட்டும் சான்றாகக் கொள்ளப்படவில்லை. குறிப்பிட்டதொரு சமூக வளர்ச்சிக் கட்டத்தின் விளைபொருளாகவே அது நோக்கப்பட்டது.

ஆயின், அதே தென்சிலாவியப் பாடல்களை முற்றிலும் வேறான நோக்கில் அணுகியோரும் உளர். பாடலிலிருந்தும் பழமொழியிலிருந்தும் ஒரு மக்கட் கூட்டத்தின் மனோபாவத்தை வடித்தெடுத்து, பின்னர் அம்மனோபாவத்தைக் கொண்டே அம்மக்களின் அரசியலையும் போர்களையும் விளக்குவது இவர்களது முறையாகும். குரோசியர் பற்றிய எழுத்துக்களில் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செல்வாக்குப் பெற்றுள்ளது. பணிவுடையோர், பொறாமையுடையோர், மௌனம் காப்போர், ஐரோப்பாவின் காவலர் என்றெல்லாம் அவர்கள் வருணிக்கப்பட்டுள்ளனர். இவ்வருணனைகள் எங்கிருந்து தோன்றின, யாருக்குப் பயன்பட்டன, இலக்கியம் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேசிய மனோபாவம் எனப்படுவது வரலாற்றின் காரணியன்று, அதன் படிவு என்பது இங்கு வலியுறுத்தப்படும்.

2

சேர்பியப் புவியியலாளரான யொவான் ஸ்வியிச் 1918 இல் பாரிசில் வெளியிட்ட பால்கன் தீபகற்பம் பற்றிய நூலில், அங்கு வாழும் மக்களை உளவியல் வகைகளாகப் பகுத்தார். அவற்றுள் தினாரிய மலைத்தொடர் சார்ந்த வகைக்கே அவர் முதன்மை கொடுத்தார். வீரம், மானவுணர்வு, அரசமைக்கும் ஆற்றல் ஆகியன அவ்வகைக்கு உரியன என்றார். முப்பது ஆண்டுகளின் பின்னர், 1948 இல், குரோசியச் சமூகவியலாளர் டிங்கோ தொமாஷிச் கிழக்கு ஐரோப்பிய அரசியலில் ஆளுமையும் பண்பாடும் பற்றி எழுதிய நூலில் அதே தினாரிய மேய்ப்பர் வகை மீண்டும் தோன்றுகின்றது. ஆனால் இப்போது அது அதிகார வேட்கையும் வன்முறையும் மிக்கதாகச் சித்திரிக்கப்படுகின்றது. அதற்கு எதிராக, 'ஸத்ருகா' எனப்படும் கூட்டுக்குடும்பங்களில் வாழ்ந்த உழவரின் அமைதியும் கூட்டுறவும் நிறுத்தப்படுகின்றன.

சான்றுகள் பெரிதும் மாறவில்லை, மதிப்பீடு தலைகீழாயிற்று. இதற்குக் காரணம் மலைவாழ் மக்களின் உள்ளத்தில் நேர்ந்த மாற்றமன்று. ஸ்வியிச் தென்சிலாவியர் அனைவரையும் ஒன்றிணைக்கும் புதிய அரசுக்காக நின்றவர். தொமாஷிச்சோ பெல்கிறேட்டின் மத்தியப்படுத்திய ஆட்சியை எதிர்த்த குரோசிய உழவர் இயக்கத்தின் சூழலிலே சிந்தித்தவர். ஆய்வாளனின் அரசியல் நிலைப்பாடே ஆய்வுப் பொருளின் பிறவிக்குணமாக உருமாறி நிற்பதனை இங்கு காண்கிறோம்.

இனி, வருணனைகளைத் தனித்தனியே நோக்குவோம். குரோசியரைக் கிறித்தவ உலகின் முன்னரண் என 1519 இல் பாப்பரசர் பத்தாம் லியோ போற்றினார். இப்புகழுரைக்குப் பின்னால் ஒரு நிருவாக ஏற்பாடு வளர்ந்தது. துருக்கியப் பேரரசின் எல்லையையொட்டி ஹப்ஸ்பேர்க் அரசு அமைத்த இராணுவ எல்லைப்புறம் குரோசியப் பிரபுக்களின் சபைக்கு உட்படாது, வியன்னாவின் நேரடி ஆட்சியில் இயங்கியது. அங்கிருந்த உழவன் பிரபுவுக்குத் திறை செலுத்தத் தேவையில்லை. அதற்கு ஈடாகத் தன் வாழ்நாளைப் படைச்சேவைக்குக் கொடுத்தான். அவன் குரோசியனாகவும் இருந்தான், சேர்பியனாகவும் இருந்தான். 1881 இல் அவ்வெல்லைப்புறம் குரோசியாவுடன் இணைக்கப்படும்வரை பல தலைமுறைகள் இவ்வாறு கழிந்தன. பணிவான படைவீரன் என்னும் குணச்சித்திரம் இவ்வேற்பாட்டின் நிழலேயாகும்.

உழவரின் பிறவிப் பண்பெனப் போற்றப்பட்ட கூட்டுக்குடும்பத்தின் கதையும் இத்தகையதே. 1807 ஆம் ஆண்டின் எல்லைப்புற அடிப்படைச் சட்டம் ஸத்ருகாவைச் சட்டத்தின் துணைகொண்டு பேணியது. வீட்டில் ஆடவர் பலர் இருந்தாலன்றி ஒருவனைப் போருக்கு அனுப்பிவிட்டு மற்றவரைக் கொண்டு நிலத்தை உழுவிக்க முடியாது என்பதே அதன் உட்பொருள். 1848 இல் பண்ணையடிமை முறை ஒழிந்து, பணப் பொருளாதாரம் கிராமத்துட் புகுந்ததும் கூட்டுக்குடும்பங்கள் விரைவாகச் சிதைந்தன. மனோபாவமே அவற்றின் அடித்தளமாயிருந்திருப்பின் அவை இத்துணை விரைவிற் சிதைந்திரா. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் யூகோசிலாவியாவின் முந்நூறு கிராமங்களில் மானிடவியலாளர் வேரா எர்லிச் நடத்திய ஆய்வும் இதனை அரண்செய்கின்றது. தந்தை மகன், கணவன் மனைவி ஆகியோர்க்கிடையிலான உறவுகள் பணப் பொருளாதாரம் எவ்வளவு ஊடுருவியிருந்தது என்பதைப் பொறுத்துப் பிரதேசந்தோறும் வேறுபட்டமையை அவர் காட்டினார்.

குரோசியரே தம்மைப் பற்றி ஓயாது கூறிக்கொள்ளும் குறை 'யால்' ஆகும். பிறர் உயர்வு கண்டு பொருமுதலைக் குறிக்கும் வடபகுதி வழக்குச் சொல் இது. 1868 இன் உடன்படிக்கையின் கீழ் ஹங்கேரியோடு பிணைக்கப்பட்டிருந்த குரோசியாவில் கற்றோர்க்குரிய பதவிகள் மிகச் சில; அவையும் மேலிருந்து அருளப்பட்டவை. ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதாகவே அமையும் ஒரு சிறு மத்தியதர வர்க்கத்தில் பொறாமை தேசியப் பண்பாகத் தோற்றமளிப்பதில் வியப்பில்லை. கட்சிச் செல்வாக்கால் அரச பதவியில் அமர்ந்தவனை இன்று 'உஹ்ல்யெப்' என ஏளனஞ் செய்கின்றனர். சொல் புதிது, பதவிகள் பகிரப்படும் முறை பழையதே.

3

மனோபாவ விளக்கத்தைத் தேசியவாதிகளின் குற்றமாக மட்டும் கருதுவது பொருந்தாது. 1848 ஒக்ரோபரில் வியன்னாவின் எழுச்சியை நசுக்கிய படைகளுள் குரோசிய ஆளுநர் யொசிப் யெலாச்சிச்சின் எல்லைப்புற வீரரும் இருந்தனர். இதனாற் சினங்கொண்ட ஏங்கெல்ஸ், 1849 ஜனவரியில் 'புதிய ரைன் பத்திரிகை'யில் எழுதிய கட்டுரையில், ஆஸ்திரியாவின் தென்சிலாவியரையும் பிற சிறு சிலாவிய இனங்களையும் இயல்பாகவே எதிர்ப்புரட்சித் தன்மை கொண்டோர் என்றும், வரலாறற்ற மக்களின் எச்சங்கள் என்றும் முடிவு கட்டினார்.

வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் மூலவருள் ஒருவர் அவ்வேளையில் அம்முறையைக் கைவிட்டு இனக்குணத்தைத் துணைக்கழைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உக்ரேனிய மார்க்சியரான ரொமான் ரொஸ்டொல்ஸ்கி இதனை விரிவாக ஆராய்ந்து விமர்சித்துள்ளார். குரோசிய உழவன் ஏன் பேரரசின் பக்கம் நின்றான் என்ற வினாவுக்கு விடை அவனது குணத்தில் இல்லை. கொசூத்தின் தலைமையில் எழுந்த ஹங்கேரியப் புரட்சி குரோசியரைத் தனித் தேசமாக ஏற்க மறுத்தது. யெலாச்சிச்சோ 1848 ஏப்ரலில் பண்ணையடிமை முறை ஒழிந்ததென அறிவித்திருந்தார். புரட்சி உழவனுக்கு எதனையும் தராதபோது எதிர்ப்புரட்சி அவனைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

ஸாக்ரெப் நகரின் மத்திய சதுக்கத்தில் 1866 இல் நிறுவப்பட்ட யெலாச்சிச் சிலையின் வரலாறு இங்கு கருதத்தக்கது. 1947 இல் அது அகற்றப்பட்டுச் சதுக்கம் குடியரசுச் சதுக்கமாயிற்று. 1990 இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. முன்பு வடக்கே ஹங்கேரியை நோக்கியிருந்த வாள் இப்போது தெற்கு நோக்கியது. அகற்றியோர்க்கு அவர் எதிர்ப்புரட்சியின் சின்னம். மீட்டோர்க்குத் தேசத்தின் சின்னம். 1848 இல் உழவன் எதனை எதிர்பார்த்தான், எதனைப் பெற்றான் என்ற கேள்வி இருசாராராலும் பின்தள்ளப்பட்டது.

4

அக்கேள்வியை இலக்கியத்தில் எழுப்பியவர் மிரோஸ்லாவ் கிர்லேஷா (1893 – 1981). புடாபெஸ்ற் இராணுவக் கல்லூரியிற் பயின்று, முதலாம் உலகப் போரிற் கலீசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட அவர், 1922 இல் வெளியிட்ட 'குரோசியப் போர்த்தெய்வம் மார்ஸ்' என்னும் சிறுகதைத் தொகுதியில் பணிவான படைவீரன் என்ற படிமத்தை உள்ளிருந்து உடைத்தார். பிஸ்திரித்சா லெஸ்னாச் சமர் பற்றிய கதையில், முக்கியத்துவம் எதுவுமற்ற ஒரு குன்றுக்காக ஸாகோரியே உழவர் சிலர் மடிகின்றனர். கிர்லேஷா அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகஞ் செய்கிறார். ஊரில் அவர்களுக்கிருந்த நிலமும் கடனும் குடும்பமும் பற்றிக் கூறுகிறார். அவர்தம் கீழ்ப்படிவு குணமாக அன்றி, வழியடைக்கப்பட்ட வாழ்க்கையாக வாசகனுக்குப் புலனாகின்றது.

1938 இல் வெளியான 'அறிவின் விளிம்பில்' என்னும் நாவல் மௌனத்தைப் பொருளாகக் கொண்டது. ஒரு விருந்தில், தன் மதுக்கிடங்கிற் புகுந்த நான்கு உழவரைச் சுட்டுக் கொன்றதனை ஒரு பெரும் தொழிலதிபர் பெருமையாக எடுத்துரைக்கிறார். மேசையைச் சூழ்ந்திருந்தோர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். நாவலில் இறுதிவரை பெயர் பெறாத ஒரு சட்டத்தரணி மட்டும், அது குற்றம், ஒழுக்கக்கேடு என வாய்தவறிக் கூறிவிடுகிறார். அவ்வொரு வாக்கியத்தின் விளைவாக அவர் தொழிலையும் குடும்பத்தையும் இழந்து சிறைக்கும் செல்கிறார். நடுத்தர வர்க்கத்தின் மௌனம் எத்துணை விலையிட்டுக் காக்கப்படுகின்றது என்பதை இதனைவிடத் தெளிவாக உணர்த்திய நாவல்கள் சிலவே. சிறையில் அவர் சந்திக்கும் வாலெந்த் ஜ்கானெத்ஸ் என்னும் உழவனோ மௌனியல்லன். தன் வட்டார வழக்கில் உலகையே எடைபோட்டு ஓயாது பேசுகிறான். மௌனம் தேசம் முழுவதற்கும் உரியதாயின் இவ்வுழவனின் பேச்சுக்கு இடமேது?

எனினும், கிர்லேஷாவின் எழுத்திலும் இடறல்கள் உள. 'பிலிப் லத்தினோவிச்சின் மீள்வருகை' (1932) நாவலில் பன்னோனியச் சமவெளியின் சேறு காலங்கடந்த பின்தங்கல் நிலையின் குறியீடாகிவிடுகின்றது. 'கிளெம்பாய் கனவான்கள்' நாடகத்தில் வங்கி முதலாளியின் மகன் லெயோனே தன் குடும்பத்தின் கொடுமையைக் குருதியிற் காண்கிறான். நாடகத்தின் நிகழ்ச்சிப்போக்கு அக்குடும்பத்தின் உண்மையான அடித்தளம் மூலதனமே என்பதை வெளிப்படுத்துகின்றபோதும், குருதி பற்றிய பேச்சின் கவர்ச்சியிலிருந்து ஆசிரியர் முற்றாக விடுபட்டார் எனக் கூறவியலாது. சேறும் குருதியும் மேலோங்கும் இடங்களில் வரலாறு இயற்கையாகிவிடுகின்றது; அவ்விடங்களில் அவரது கலையும் தளர்கின்றது.

5

இது வெறும் இலக்கியப் பிரச்சினையன்று. 1941 ஏப்ரலில் அச்சு நாடுகளின் படையெடுப்பைத் தொடர்ந்து உஸ்தாஷாக்கள் ஆட்சியில் அமர்த்தப்பட்டனர். யசெனோவாத்ஸ் முகாமில் சேர்பியரும் யூதரும் ரோமா மக்களும் அவர்களை எதிர்த்த குரோசியரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் 22 இல், குரோசியாவின் சிசாக் நகருக்கு அண்மையிலேயே பாசிச எதிர்ப்புக் கெரில்லாப் பிரிவொன்று உருவாகியது. ஒரே மனோபாவம் இவ்விரண்டையும் எங்ஙனம் விளக்கும்? ஆயினும் 1980 களில் சேர்பியத் தேசியவாதிகள் இனக்கொலையைக் குரோசியரின் இயல்பென்றனர். குரோசியத் தேசியவாதிகளோ தம்மை ஆயிரமாண்டு ஐரோப்பியப் பண்பாட்டினர் என்றும், கிழக்கே உள்ளோரைப் பால்கன் காட்டுமிராண்டிகள் என்றும் கூறினர். இவ்வாறு ஒவ்வொரு சாராரும் தமக்குக் கிழக்கே உள்ளவரைக் கீழைத்தேயத்தவராக்கும் அடுக்குமுறையை 1995 இல் மிலித்சா பாகிச் ஹேய்டன் தெளிவாக விளக்கினார். பழைய முன்னரண் படிமமே இங்கு புதிய பணிக்கு அமர்த்தப்பட்டது.

இவ்வாறான பேச்சுக்கு இணங்காதோர் தண்டிக்கப்பட்டனர். 1992 இல் எழுத்தாளரும் பத்திரிகையாளருமான பெண்கள் ஐவர் சூனியக்காரிகள் எனப் பத்திரிகையில் தூற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரான துப்ராவ்கா உக்ரேஷிச் 1993 இல் நாட்டை விட்டு வெளியேறி, 'பொய்களின் பண்பாடு' என்னும் கட்டுரைத் தொகுதியில் அச்சூழலைப் பதிவு செய்தார். கிர்லேஷாவின் சட்டத்தரணிக்கு நேர்ந்தது கற்பனையன்று என்பதற்கு இது சான்று.

1991 இன் குடிசன மதிப்பீட்டில் குரோசியாவில் 12.2 வீதமாயிருந்த சேர்பியர், 2021 இல் 3.2 வீதமாயினர். மொத்த மக்கட்டொகை 47.8 இலட்சத்திலிருந்து 38.7 இலட்சமாகக் குறைந்தது. முதல் மாற்றத்திற் போரும் வெளியேற்றமும் பேசுகின்றன. இரண்டாவதில் இவற்றோடு பிறப்பு வீழ்ச்சியும், 2013 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின் தொழில் தேடிப் புலம்பெயர்ந்தோரின் பயணமும் சேர்ந்துள்ளன. 1991 இன் சட்டத்தோடு தொடங்கிய தனியார்மயமாக்கலில் தொழிலாளரின் சமூகவுடைமை கைமாறிய கதையும் இவற்றின் பின்னணியில் உண்டு. எனினும் ஊழலுக்கும் வறுமைக்கும் காரணம் கேட்டால், பால்கன் மனோபாவம் என்றோ கம்யூனிஸ மனோபாவம் என்றோ விடை தரப்படுகின்றது. மனோபாவத்தை நீதிமன்றிற்கு அழைக்க முடியாது. உடைமை பெற்றோரை அழைக்கலாம். இவ்விளக்கத்தின் பயன் யாருக்கென்பது வெளிப்படை.

மக்களின் மனப்பழக்கங்களே பொய் என இங்கு வாதிக்கப்படவில்லை. அச்சமும் பணிவும் பொறாமையும் உண்மையானவை; தோன்றிய நிலைமைகள் மறைந்த பின்னரும் நெடுங்காலம் நின்று செயற்படக்கூடியவை. ஆதலினாற்றான் அவற்றின் பிறப்பை அறிவது அவசியமாகின்றது. முற்போக்கு விமர்சகன் ஒரு தேசத்தின் மனோபாவம் பற்றிய கூற்றை எதிர்ப்படும்போதெல்லாம் அது எவ்வர்க்கத்தின் அனுபவம், எக்காலத்தது, அதனை நம்புவதால் எவர் பொறுப்பிலிருந்து தப்புகின்றனர் என்று வினவுதல் வேண்டும். ஏங்கெல்சின் கூற்றாயினும் கிர்லேஷாவின் கூற்றாயினும் இவ்வினாவுக்கு விலக்கில்லை.