நாடாவின் முதல் அரைமணி

பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், ஒரு வீட்டுப் பரணிலிருந்து அண்மையில் எனக்கு ஒரு வீடியோ கேசட் கிடைத்தது. உறையில் நீல மையில் ‘மர்மதேசம்’ என்று எழுதியிருந்தது. இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் தொடரைத் தவறவிடக் கூடாது என்று அந்த வீட்டுப் பெரியவர் டெக்கில் பதிவு செய்து வைத்தது. ஓட்டிப் பார்த்தோம். முதலில் வந்தது யார் வீட்டுக் கல்யாணமோ, நாதஸ்வரம். அது முடிந்த பிறகுதான் தொடர் வந்தது, அதுவும் பாதிக் கதையிலிருந்து.

மூன்று மணி நேர நாடாவில் அரைமணித் தொடர் ஆறு வாரம் அடங்கும். பிறகு வீட்டில் ஒரு விசேஷம் வரும், கேசட்டை முதலுக்குச் சுற்றி அதன் மேலேயே பதிவு செய்வார்கள். அதனால் எப்போதும் முதலில் அழிவது முதல் அத்தியாயம். தமிழ்த் தொலைக்காட்சித் திகில் தொடர்களை ஆராய வருகிறவருக்கு இது பெரிய இழப்பு. ஒரு தொடர் தன் பார்வையாளரை எதைக் காட்டிப் பயமுறுத்தப் போகிறது என்பதை அந்த முதல் அரைமணியில்தான் சொல்கிறது.

அமெரிக்காவில் ‘பைலட்’ என்பது தொடரைச் சேனலிடம் விற்பதற்கு முதலில் எடுத்துக் காட்டும் மாதிரி. இங்கே தனியார் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தில் காசை எடுக்கும் முறை இருந்தது. முதல் அத்தியாயம் நேரே வீட்டுக் கூடத்தில்தான் விலைபோக வேண்டும்.

தூர்தர்ஷன் நாளில் ‘கரம்சந்த்’ (1985), பாசு சட்டர்ஜியின் ‘ப்யோம்கேஷ் பக்ஷி’ (1993) போன்ற இந்தித் துப்பறியும் தொடர்களை நாம் மொழி பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்தோம். தமிழுக்கென்று ஒரு திகில் மரபை உண்டாக்கியது கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’. ‘ரகசியம்’ கதையில் இரவில் யாரும் தங்கக் கூடாத பைரவர் கோயில், நவபாஷாண லிங்கம், சித்த மருத்துவம். அடுத்து வந்த ‘விடாது கருப்பு’ கதையில் தப்புச் செய்தவனைத் தேடிக் குதிரையில் வரும் கருப்பசாமி. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவலே அதற்கு மூலம். அச்சில் வாரந்தோறும் தொடர்கதை படித்துப் பழகிய வாசகர்தான் இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ‘தொடரும்’ என்ற சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

‘விடாது கருப்பு’ கடைசியில் மனநோய் மருத்துவத்தின் பக்கம் சாய்ந்து, ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்று விளக்கம் சொன்னது. ஆனாலும் சாமியை அது பொய்யாக்கவில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க இடம் வைத்தது. நாகாவின் பெரிய சாதனை இதுதான் என்பேன். பின்னால் வந்த பலர் எலுமிச்சையையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அந்தச் சமநிலையை எடுத்துக்கொள்ளவில்லை.

வேற்று நாட்டுத் திகிலை மறுஆக்கம் செய்யும்போதும் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்ற இதே கேள்விதான் வருகிறது. அமெரிக்க ‘24’ தொடரின் இந்திய வடிவம் 2013 அக்டோபர் 4 அன்று கலர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் நாயகன் அனில் கபூர் மூலத்தின் எட்டாம் பருவத்திலேயே நடித்தவர். மூலத்தில் கொலையாளிகள் குறிவைப்பது தன் முயற்சியால் மேலே வரும் அதிபர் வேட்பாளரை. இங்கே அவர் ஆளும் குடும்பத்து வாரிசு, பின்னால் கட்சியை நடத்தும் அம்மா. கடிகாரம் அதேதான், அது யாருக்காக ஓடுகிறது என்பதுதான் மாறிவிட்டது. அந்த மாற்றத்தால்தான் அது இந்தியக் கதையானது.

மூல ‘24’ இன் முதல் பருவம் 2002இல் டிவிடியாக வந்தது. இடையில் விட்டவர்கள் இரண்டாம் பருவம் தொடங்குமுன் முதலிலிருந்து பார்க்க முடிந்தது. அதற்கும் முன், டேவிட் லிஞ்சின் ‘ட்வின் பீக்ஸ்’ பைலட்டுக்குத் தனியாக ஒரு முடிவைப் படமெடுத்து ஒட்டி, ஐரோப்பாவில் முழுப் படம் போல வீடியோவில் விற்றார்கள். கொலையாளி யார் என்பதைத் தொடர் சொல்லுமுன்பே அந்தக் கேசட் ஒரு விடை சொல்லிவிட்டது. திகிலை ஒரே உட்காரலில் முடித்தால் என்ன கெடும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காத்திருந்த வாரங்களும் கதையின் பகுதிதான்.

நம் ஊரில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று வந்தபோது பெட்டிக்கடை வரை படங்கள் தொங்கின. தொடர்களை அப்படி வாங்கி அலமாரியில் அடுக்கும் வழக்கம் மட்டும் வேரூன்றவில்லை. தமிழ் சினிமாவுக்கு வீடியோ கடை இருந்தது, தமிழ்த் தொடருக்கு வீட்டுப் பரண்தான் இருந்தது. இன்று ‘மர்மதேசம்’ யூடியூபில் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அன்று அதனோடு ஓடிய விளம்பரங்களும், இடையில் வந்த அறிவிப்புக் குரலும் வீட்டு நாடாக்களில்தான் இருக்கின்றன.

2024இல் நாகா ஜீ5 தளத்தில் ‘ஐந்தாம் வேதம்’ தொடருடன் திரும்பி வந்தார். கோயில், சுவடி, ரகசியம் என்று பழைய பொருள்கள், கூடவே செயற்கை நுண்ணறிவு. எல்லா அத்தியாயமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது முதல் அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பழைய மூச்சடைப்பு எனக்கு வரவில்லை. அடுத்ததை அழுத்திவிட்டேன்.

பருத்திப்பட்டுக் கேசட்டின் நாடாவில் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து, கணினிக்கு மாற்றி, ஒரு பிரதியைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் கல்யாணத்தைத்தான் முதலில் போடச் சொன்னார். அடியில் இருந்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காட்சி காட்சியாகச் சொல்ல ஆரம்பித்தார்.