யூஎஸ்பி பூட்: ஒரே பெயர், எதிரெதிர் வேலை

ராஸ்பெர்ரி பை 2020 அக்டோபரில் வெளியிட்ட கம்ப்யூட் மாட்யூல் 4 நல்ல வன்பொருள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் குறையெல்லாம் 'யூஎஸ்பி பூட்' என்ற பெயர் மேலதான்.

அந்தப் பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கு. முதலாவதில், ஐஓ போர்டின் ஜே2 ஜம்பரைப் போட்டு, மைக்ரோ யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகி, ஆர்பிஐபூட் நிரலை ஓட்ட வேண்டும். துவக்க நிரல் கணினியிலிருந்து மாட்யூலுக்குள் போகும். பிறகு அதன் இஎம்எம்சி நினைவகம் பென் டிரைவ் மாதிரி கணினியில் தெரியும். இரண்டாவதில், மாட்யூல் தன்னிடம் செருகிய டிரைவிலிருந்து தானே எழுகிறது. இரண்டுக்கும் ஒரே யூஎஸ்பி 2.0 வழிதான், திசை மட்டும் நேரெதிர். தேடிப் படிக்கிறவர் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துப் பார்த்து அலுத்துப்போகிறார்.

ஆர்பிஐபூட்டும் உதவாது. சிப்புக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஜம்பர் இல்லையா, கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்துற ரகமா, எதையும் சொல்லாது. 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்ற கவுண்டரில்கூட ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்.

டிரைவிலிருந்து துவக்குவதில்தான் பெரிய சிக்கல். பூட் வரிசையில் 25641 என்ற இலக்கங்களை வலமிருந்து படிக்கணும்: 1 எஸ்டி அல்லது இஎம்எம்சி, 4 யூஎஸ்பி, 5 யூஎஸ்பி, 2 நெட்வொர்க். ஏன் இரண்டு யூஎஸ்பி? 5 என்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் யூஎஸ்பி. ஐஓ போர்டின் சாதாரண போர்ட்டுகளுக்கு அதுதான் வேணும். அதைத் தாண்டினாலும் ஒரு பள்ளம் இருக்கு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூஎஸ்பி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். துவக்க நிரல் தன் வழியில் டிரைவைப் படித்து கெர்னலை ஏற்றிவிடும். ஆனால் எழுந்த கெர்னலுக்கு அதே டிரைவ் தெரியாது. ரூட் பகுதிக்காகக் காத்து நின்றுவிடும். கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை ஹோஸ்ட் முறையில் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரே ஒரு வரி! இது தெரியாமல் நல்ல டிரைவைக் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப்போடத் தோன்றும்.

வேடிக்கை என்னன்னா, 'டிவைஸ் பூட்', 'ஹோஸ்ட் பூட்' என்று அவர்களுடைய ஆவணமே பிரித்துத்தான் சொல்கிறது. ஆனால் கிட்ஹப்பில் கருவிக்கு வைத்த பெயர் வெறும் 'யூஎஸ்பிபூட்'. 'டிவைஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அதுவரை, டிரைவிலிருந்து துவங்கலைன்னு யாராவது கேட்டால், ஜே2 ஜம்பரைக் கழற்றியாச்சான்னுதான் முதலில் கேட்பேன். அது இருக்கும்வரை மாட்யூல் கணினியைத்தான் எதிர்பார்க்கும், டிரைவைத் தேடாது.