வெற்றிகரமான 100வது நாள், எங்கள் ஊரில் ஒரு வாரம்

பழைய தினத்தந்தியிலும் தினமணியிலும் வந்த சினிமா விளம்பரங்களை ஸ்கேன் எடுத்து அனுப்பும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கும் வாரத்துக்கு நாலைந்து வந்துவிடுகின்றன. "வெற்றிகரமான 100வது நாள்", "மகத்தான 25வது வாரம்", "தாய்மார்களின் பேராதரவுடன்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கூடவே அனுப்புகிறவரின் வழக்கமான ஒரு வரி: "அதெல்லாம் ஒரு காலம் சார். இப்ப எந்தப் படம் நூறு நாள் ஓடுது?"

அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த விளம்பரங்களை நாம் வாசிக்கிற விதத்தில் ஒரு கோளாறு இருக்குன்னு நினைக்கிறேன். படத்தை விற்கிறவர் காசு கொடுத்துப் போட்ட அறிவிப்பை நாம் சாதனைப் பட்டயமாக எடுத்துக்கொள்கிறோம். என் வேலை கணினியில் தரவுகளோடு மல்லுக்கட்டுவது. ஒரு எண் வந்தால் "இதை எண்ணினது யாரு, எப்படி எண்ணினாங்க, எதை விட்டுட்டாங்க" என்று கேட்காமல் விட மனசு வராது. அந்தக் கேள்வியோடு, அதுவும் ராமநாதபுரத்துக்காரனாக, இந்த விளம்பரங்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

நாள் என்பது என்ன அளவு?

முதலில் எண். 100 நாள் என்றால் 100 நாள்தானே என்று தோன்றும். அப்படி இல்லை.

மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்டது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே தினம் 3 காட்சி வீதம் ஒரு படம் 100 நாள் ஓடினால், அத்தனை காட்சியும் நிறைந்தால், 7,68,900 பேர் பார்த்திருக்கலாம். இன்னொரு படம் 600 இருக்கை உள்ள தியேட்டரில் பகல் காட்சி மட்டும் 100 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தாலும் 60,000 பேர்தான். கிட்டத்தட்ட 13 மடங்கு வித்தியாசம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே வாசகம், ஒரே 100.

இதோடு 'ஷிப்டிங்' வேறு. ஒரு தியேட்டரில் 6 வாரம் ஓடிய படத்தைப் பக்கத்துத் தெருவிலுள்ள சின்ன தியேட்டருக்கு மாற்றி, நாள் கணக்கை மட்டும் விடாமல் தொடர்வார்கள். வசூல் படுத்துவிட்டாலும் விநியோகஸ்தர் தியேட்டருக்கு வாடகை கட்டி நாளை நிரப்பலாம். 95ஆம் நாளில் ரசிகர் மன்றத்தார் டிக்கெட்டை மொத்தமாக வாங்கி 100ஐத் தொட வைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. மும்பை மராத்தா மந்திரில் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' 1995இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியதை உலகமே வியக்கிறது. அது பெரும்பாலான காலம் ஓடியது தினம் ஒரே ஒரு பகல் காட்சியாக, மலிவான டிக்கெட்டில். வியப்பதில் தப்பில்லை. ஆனால் அதை ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு ஒப்பிட முடியாது.

இரண்டு பெரிய சாதனைகள்

தமிழில் நீண்ட ஓட்டம் என்றால் முதலில் வரும் பெயர் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி 3 தீபாவளிகளைக் கண்ட படம். பாகவதர் பாட்டுக்கு அந்த மயக்கம் இருந்தது உண்மை. ஆனால் விளம்பரம் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, அது போர்க்காலம். கச்சா பிலிம் கட்டுப்பாட்டில் இருந்தது. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கமே வரம்பு விதித்திருந்தது. படங்கள் குறைவு, பிரதிகள் குறைவு. தியேட்டருக்கு வேறு படம் கிடைப்பதே கஷ்டம். இரண்டு, பாகவதர் 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல்தான் விடுதலையானார். அதாவது அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அவர் சிறையில். வெளியே பார்க்க முடியாத மனிதரைத் திரையில் போய்ப் பார்த்த கூட்டம் அதில் எவ்வளவு? பாட்டுக்காக வந்தவர்கள் எவ்வளவு? '3வது தீபாவளி' என்ற வாசகத்தில் இதற்குப் பதில் கிடையாது.

அந்தச் சாதனையை முறியடித்ததாகச் சொல்லப்படுவது 2005இல் வந்த 'சந்திரமுகி'. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. படம் பெரிய வெற்றி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தைத் தயாரித்தது சிவாஜி புரொடக்ஷன்ஸ். சாந்தி தியேட்டர் அப்போது சிவாஜி குடும்பத்துடையதாக இருந்தது. தன் வீட்டுத் திண்ணையில் தன் பொருளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அவரவர் விருப்பம், அதில் குற்றம் எதுவும் கிடையாது. 1944இன் பிராட்வே ஓட்டத்தையும் 2005இன் சாந்தி ஓட்டத்தையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

எம்.ஆர். ஏரியாவின் வால்

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ் சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏழெட்டு 'ஏரியா'வாகப் பிரித்து விற்பார்கள். அதில் ஒன்று எம்.ஆர்., அதாவது மதுரை–ராமநாதபுரம். 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. சினிமாக்காரர்கள் வாயில் மட்டும் பழைய ஜில்லா அப்படியே இருக்கிறது. சிவகாசியும் காரைக்குடியும் பரமக்குடியும் ராமேஸ்வரமும் அந்த ஒற்றை 'ஆர்' எழுத்துக்குள் அடக்கம்.

பெயரில் பாதி எங்களுடையது, படத்தில் முதல் உரிமை மதுரையுடையது. அன்றைக்குப் படம் என்பது பெட்டியில் வரும் பொருள். ஒரு பிரதி எடுக்கச் செலவு அதிகம். அதனால் ஏரியாவுக்கு எண்ணி இத்தனை பிரதிகள்தான். முதலில் மதுரை போன்ற ஏ சென்டர், அங்கே வசூல் இறங்கியபின் பி சென்டர், கடைசியில் சி சென்டரும் டூரிங் டாக்கீஸும். மதுரையில் ஒரு படம் 100 நாள் ஓடியதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தப் படம் அப்போது எங்கள் ஊரில் இல்லை என்பதுதான். பரமக்குடியிலிருந்தும் மானாமதுரையிலிருந்தும் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்தவர்களும் அந்த 100க்குள் இருக்கிறார்கள்.

ராமேஸ்வரம் தீவுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ரயிலை விட்டால் படகுதான். காலைப் பேப்பரும் சினிமாப் பெட்டியும் அந்த 1914ஆம் வருஷத்து ரயில் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பேப்பர் அன்றைக்கே வந்துவிடும். பெட்டி வர மாதங்கள் ஆகும்.

யோசித்துப் பாருங்கள், எங்களுக்கு விளம்பரம்தான் முதலில். படம் ரொம்பப் பிந்தி. 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். மதுரையில் அது ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் அந்த நாள் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. படத்தைப் பார்த்த ஞாபகம் அவ்வளவு தெளிவாக இல்லை. எங்கள் பக்கம் ஒரு வாரம் ஓடினால் நல்ல படம். இரண்டு வாரம் என்றால் ஊரே பேசும். அதற்கு மேல் ஓட ஆளில்லை. கடலோர ஊர்களில் கூட்டமும் கடலைப் பார்த்துத்தான் வரும். படகு கரையில் நிற்கிற நாளில் தியேட்டர் நிறையும், மறுநாள் காற்றாடும். தொடர்ச்சியாக நாள் எண்ணுகிற கணக்கில் இந்தக் கூட்டத்துக்கு இடமே இல்லை.

ஆக, "அந்தக் காலத்துல படம் நூறு நாள் ஓடும்" என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லும்போது, அது அவர் ஊரில் நடந்தது இல்லை. பேப்பரில் படித்தது. மதுரையின் ஞாபகத்தைத்தான் நாங்கள் எங்கள் ஞாபகமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் விளம்பரம் எங்கே?

எங்களுக்கென்று விளம்பரம் இல்லாமல் இல்லை. மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ இரண்டு பக்கமும் தட்டி கட்டி, கொட்டு அடித்துக்கொண்டு, பிட் நோட்டீஸை வீசிக்கொண்டு போவார்கள். ரோஸ், மஞ்சள் என்று மட்டமான காகிதம். கதையைப் பாதி சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். சுவரில் உள்ள போஸ்டர்மேல் 'இன்றே கடைசி' என்று ஒரு துண்டுச் சீட்டு ஏறும். மதுரை விளம்பரம் எத்தனை நாள் ஓடியது என்று பெருமை பேசும். எங்கள் சீட்டு எத்தனை நாள் மிச்சம் என்று அவசரப்படுத்தும். பெட்டி நாளைக்கே அடுத்த ஊருக்குப் போகணுமே!

இன்னொரு விசித்திரம் இலங்கை வானொலி. எங்கள் கரையில் அது உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓடும் தமிழ்ப் படங்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். கடலுக்கு அந்தப் பக்கம், போகவே முடியாத தியேட்டரின் விளம்பரம். இந்தப் பக்கம் மதுரைத் தியேட்டரின் விளம்பரம். நடுவில் நாங்கள், பெட்டிக்காகக் காத்துக்கொண்டு.

பிட் நோட்டீஸை யாரும் எடுத்து வைக்கவில்லை. கடலை மடித்தார்கள், தூக்கிப் போட்டார்கள். டூரிங் தியேட்டர்களில் பெரும்பாலும் 'காம்பவுண்டிங்' முறையில் வரி. விற்ற டிக்கெட்டை எண்ணாமல், கொட்டகையின் கொள்ளளவை வைத்து ஒரு தொகை கட்டுவது. அதனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அரசாங்க ஏட்டிலும் நம்பத்தக்க எண் நிற்காது. கொட்டகையும் போய்விட்டது. ஒரு தலைமுறை சினிமா பார்த்ததற்கு அத்தாட்சி என்று எங்கள் கையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம்.

கீழே உள்ள பொடி எழுத்து

இப்போதுதான் அந்த ஸ்கேன்களுக்குத் திரும்ப வருகிறேன். ஒரு தினசரி விளம்பரத்தில் மூன்று பாகம் உண்டு. மேலே எண். நடுவில் நாயகன் முகம். அடியில் பொடி எழுத்தில் ஊர், தியேட்டர் பட்டியல். மதுரைப் பதிப்பில் வந்த விளம்பரம் என்றால் அந்தப் பட்டியலின் கடைசியில் காரைக்குடி, பரமக்குடி, ராமநாதபுரம் என்று எங்கள் ஊர்கள் நிற்கும். எந்தப் படம், எந்த வாரம், எந்தத் தியேட்டருக்கு வந்தது என்பதற்கு இன்று இருக்கும் எளிதான சான்று அந்த வரிதான். மேலே உள்ள எண்ணைவிட இதை நான் அதிகம் நம்புவேன். பொய்யாக ஊர்ப் பெயரைப் போட்டால் அன்றைக்கே ஜனம் தியேட்டர் வாசலில் வந்து நின்று சண்டை போடும்.

ஆனால் எனக்கு வரும் ஸ்கேன்களில் முக்கால்வாசியில் அந்தப் பகுதியே இருப்பதில்லை. எண்ணும் முகமும் பளிச்சென்று தெரியட்டும் என்று அடியை வெட்டிவிடுகிறார்கள். பேப்பர் பெயர், பதிப்பு, தேதி எல்லாம் போய்விடுகின்றன. ஏக்கத்துக்கு முகம் போதும். வரலாற்றுக்கு அந்தப் பொடி எழுத்து வேண்டும்.

இப்போதைய நிலைமையைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். டிஜிட்டல் வந்தபின் பிரதிப் பஞ்சம் தீர்ந்தது. 2010இல் 'எந்திரன்' உலகம் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட திரைகளில் வெளியானது. மதுரையில் வெளியாகிற அதே வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்திலும் படம். எங்களைக் கேட்டால் இது முன்னேற்றம்தான். 100 நாள் போனதற்கு நாங்கள் அழ வேண்டியதில்லை. எல்லோரும் முதல் வாரமே பார்த்துவிட்டால் படம் எங்கிருந்து 100 நாள் ஓடும்? ஆனால் விளம்பரத்தில் '100 நாள்' இருந்த இடத்தில் '100 கோடி' உட்கார்ந்துவிட்டது. அதையும் விற்கிறவரே சொல்கிறார். நாள் கணக்காவது ஒரு ஊரில், ஒரு தியேட்டரில் நடந்தது. போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். கோடிக்கு ஊரும் இல்லை, தெருவும் இல்லை. பழைய விளம்பரத்தில் நாம் உண்மையாக இழந்தது என்று ஒன்றைச் சொல்லணும்னா, அந்த ஊர்ப் பட்டியலைத்தான் சொல்வேன்.

காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப்பின் அந்தச் சேகரிப்பிலிருந்து சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவரும் பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர்தான். எந்தத் துண்டுக் காகிதம் பின்னால் உதவும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் எதையும் வெட்டாமல் வைக்கணும் என்பதை அவரிடமிருந்துதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் பழைய பேப்பர், பைண்டு செய்த பாட்டுப் புத்தகம், அலமாரிக்கு விரித்த நோட்டீஸ் ஏதாவது இருந்தால் முழுத்தாளையும் படம் எடுங்கள். நாலு ஓரமும் தெரியணும். தேதி தெரியணும். முக்கியமாக அடியில் உள்ள ஊர்ப் பெயர்கள். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் எனக்கு அனுப்புங்கள். நாயகன் முகம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.